ஒன்பதாவது நிமிடம்

“உங்க வீட்டு நாய் விழுந்துடுச்சும்மா” என்று தொலைபேசியில் ஓர் ஆண்குரல் சொன்னதும், பெரியக்கா முதலில் செய்த காரியம் முதுகை நிமிர்த்தியதுதான். அவளுடைய நாற்காலிக்குச் சாய்மானம் உண்டு. அதில் அவள் சாய்ந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

“எங்க வீட்டு நாய் விழாது. நீங்க வேற யார் வீட்டு நாயையோ பார்த்துட்டுப் பேசறீங்க.”

“கழுத்துப் பட்டையில உங்க முத்திரை இருக்கும்மா. பேரு அவசரம். இதோட மூணு தடவை விழுந்துட்டான்.”

“அப்போ ஓட்டறவருக்குத்தான் ஓட்டத் தெரியல. நாளைக்குக் காலைல நானே வர்றேன். அதுவரைக்கும் அவன்மேல யாரும் கை வைக்க வேண்டாம்.”

மூன்று தலைமுறையாக லேப்ரடார் நாய்கள் வளர்க்கும் வீடு அது. தாத்தா தொடங்கினார், அப்பா பேர் வாங்கினார், அவர் காலத்துக்குப் பிறகு பெரியக்காவும் தம்பியும் நடத்துகிறார்கள். தம்பிக்குத் தலை வழுக்கையாகி ஐம்பதைத் தாண்டியும் அவன் தம்பிதான். அவளோ தெருவுக்கே பெரியக்கா. குட்டி வாங்க வருகிறவர்கள் மற்ற வீடுகளில் “என்ன விலை?” என்று கேட்பார்கள். இந்த வீட்டு வாசலில் “எங்களுக்குத் தருவீங்களா?” என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியின் வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் அவள் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று இருந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு.

அவசரம், எட்டுக் குட்டிகளில் முதலில் வெளியே வந்தவன். கண் திறப்பதற்குள் உடன்பிறந்தவர்களை மிதித்துக்கொண்டு பாலுக்குப் போனவன். “உனக்கென்னடா அவ்வளவு அவசரம்?” என்று அவள் கேட்டதே பேராக நின்றுவிட்டது. ஒன்றரை வயதில் மீட்புப் பள்ளி அவனை வாங்கிப் போனது. இடிந்த கட்டடங்களிலும் காடுகளிலும் காணாமல் போனவர்களைத் தேட நாய்களைப் பழக்கும் பள்ளி அது. அங்கே போன இரண்டாவது மாதத்தில்தான் இந்தத் தொலைபேசி.

மறுநாள் தம்பி வேனை ஓட்ட, அவள் முன்னிருக்கையில் கம்பு போல உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் ஒரே பேச்சு.

“எட்டு நிமிஷம்னு எழுதித்தானே குடுத்தோம்? படிக்கத் தெரியாதவங்களா அவங்க?”

எட்டு நிமிடம் என்பது அப்பா போட்ட சட்டம். எந்த நாயையும் ஒரே மூச்சில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. எட்டானதும் நிழல், தண்ணீர், அரை மணி ஓய்வு. மற்ற வீடுகளில் நாயைச் சக்கையாகப் பிழிவார்கள். அவர்களுடைய நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு புல்தரையில் கிடக்கும். ‘எங்கள் வீட்டு நாய் களைத்து யாரும் பார்த்ததில்லை’ என்பது குட்டியோடு தரும் தாளின் முதல் வரி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் பெரியக்காவுக்கு உச்சி குளிரும்.

பள்ளி மைதானத்தில் பயிற்சியாளர் காத்திருந்தார். குட்டையான மனிதர், கழுத்தில் விசில், வெயிலில் காய்ந்த முகம். அவசரம் அவளைக் கண்டதும் உடம்பு முழுவதையும் வாலாக்கி ஆட்டினான்.

“எத்தனை நிமிஷம் ஓட விடுவீங்க?” என்று கேட்டாள்.

“இருபதும்மா.”

“எட்டுன்னு எழுதியிருக்கோம்.”

“படிச்சேன். ஆனா இடிஞ்ச சுவத்துக்கடியில கிடக்கறவர்கிட்ட, எட்டு நிமிஷம் ஆயிடுச்சு, மீதிய நாளைக்குத் தேடறோம்னு சொல்ல முடியுமாம்மா?”

தம்பி சிரித்துவிட்டான். அவள் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

“சரி, ஓட்டுங்க. நான் பார்க்கறேன்.”

பயிற்சியாளர் பஞ்சடைத்த உருளை ஒன்றைத் தூக்கி எறிந்தார். அவசரம் பாய்ந்தான், கவ்வினான், கொண்டுவந்து போட்டான், மறுபடி பாய்ந்தான். ஓட்டம் என்றால் அது ஓட்டம். நாலு, ஐந்து, ஆறு. பெரியக்கா ‘இப்ப என்ன சொல்றீங்க?’ என்பது போலப் பயிற்சியாளரைப் பார்த்தாள். ஏழு, எட்டு.

ஒன்பதாவது நிமிடத்தில் அவனுடைய பின்பக்கம் லேசாக ஆடியது. குடிகாரன் படியிறங்குவது போல, ஒரு கால் தான் போக வேண்டிய இடத்தைத் தேடியது. பத்தில் இரண்டு கால்களும் அகன்றன. உருளை கொஞ்ச தூரத்தில் கிடந்தது. பின்னங்கால்கள் தரையில் சரிந்த பிறகும் அவசரம் நிற்கவில்லை. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு புல்லை வாரிவாரிப் போனான். போய் உருளையைக் கவ்விவிட்டு, அதைக் கொண்டுவந்து கொடுக்கத் திரும்ப முடியாமல் அங்கேயே கிடந்தான். வாய் மட்டும் விடவில்லை.

பயிற்சியாளர் ஓடிப்போய் அவனை அள்ளிக்கொண்டு வந்து நிழலில் படுக்கவைத்து, வயிற்றில் ஈரத்துணி போட்டார்.

அறுபத்திரண்டு வயதில், தன் வீட்டு நாயின் ஒன்பதாவது நிமிடத்தைத் தான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது பெரியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இருபது நிமிடம் கழித்து அவசரம் எழுந்து நின்று, ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டினான்.

“நாங்க அவனை வச்சுக்க முடியாதும்மா” என்றார் பயிற்சியாளர், தரையைப் பார்த்துக்கொண்டு. “மனசு இருக்கு. காலு இல்ல.”

“உங்களைத் தப்பாப் பேசிட்டேன்” என்றாள் அவள். மன்னிப்பைக்கூட அவள் கட்டளை மாதிரிதான் சொல்வாள். “வாடா வீட்டுக்கு.”

அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போனார்கள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, இவனுக்கு அப்பா அம்மா யார் என்பது. அம்மா, வீட்டின் பெருமையான மகராசி. மூன்று கண்காட்சிகளில் முதல் பரிசு வாங்கியவள். அப்பா, நாய் வளர்ப்போர் சங்கத் தலைவருடைய நாய் துரை.

“இது பரம்பரையா வர்ற நரம்பு-தசைக் கோளாறு, பெரியக்கா. நரம்பு முனையிலேர்ந்து தசைக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாத்தான் செய்தி போகும். சும்மா நடக்கும்போது, விளையாடும்போது பிரச்சனை இல்ல. வெறி வந்த மாதிரி ஓடும்போது, காலியான பொட்டலத்தை மடமடன்னு மடிச்சுத் திரும்ப நிரப்பணும். இவனுக்கு அந்த மடிக்கிற வேலை பின்தங்கிடுது. செய்தி போகலைன்னா கால் என்ன பண்ணும்?”

“அவனோட அம்மா நல்லாத்தானே இருக்கா?”

“குறை ஒரு பக்கத்திலேர்ந்து மட்டும் வந்தா நாய்க்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த தலைமுறைக்குக் கடத்தும், அவ்வளவுதான். அப்பா அம்மா ரெண்டு பக்கமும் வந்தாத்தான் விழும். ரத்தம் எடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சுடும்.”

வேனில் ஏறியதும் தம்பி ஆரம்பித்தான். “அக்கா, டெஸ்ட் எல்லாம் வேண்டாம். தெரியாத வரைக்கும் நாம பொய் சொன்னதா ஆகாது.”

“தெரிஞ்சுக்கவே மாட்டேன்னு கண்ணை மூடிக்கறது பொய்யில்லாம வேற என்னடா? எல்லாருக்கும் எடு. வீட்ல இருக்கற பதினாலுக்கும்.”

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பதினாலில் நாலு சுத்தம். ஏழு, குறையை ஒரு பக்கமாகச் சுமப்பவை. மூன்றுக்கு இரண்டு பக்கமும். அந்த மூன்றில் அவசரம் ஒருவன், மகராசி ஒருத்தி.

பெரியக்கா அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். கூடத்து அலமாரியில் மகராசியின் கோப்பைகள் வரிசையாக நின்றன. கண்காட்சி வளையத்தில் நாய் எவ்வளவு நேரம் ஓடும்? இரண்டு சுற்று. ஒன்பது வருஷமாக அவள் விழாமல் இருந்ததற்குக் காரணம் அவளுடைய பலம் அல்ல, அப்பாவின் சட்டம்.

தம்பி மெதுவாகச் சொன்னான். “அக்கா, நான் அஞ்சாவது படிக்கும்போது, தண்ணித் தொட்டிகிட்ட ஒண்ணு இப்படித்தான் விழுந்துச்சு. பின்னங்காலை இழுத்துக்கிட்டே போச்சு. அப்பா தூக்கிட்டு உள்ள போனார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார். அதுக்கப்புறம்தான் இந்த எட்டு நிமிஷம் வந்துச்சு.”

அவள் அந்தத் தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

“அப்பாவுக்குத் தெரியும்க்கா.”

“அவருக்குத் தெரிஞ்சது விழுந்துச்சுங்கறது மட்டும்தான். ஏன்னு சொல்ல அன்னிக்கு ஆள் கிடையாது. நமக்கு ஏன்னு தெரியும். தெரிஞ்சதுக்கப்புறம் மறைச்சா, அவர் பண்ணின கருணையையும் நாம திருட்டுத்தனமா ஆக்கிடுவோம். அப்பா பேரை நான் அப்படிக் கெடுக்க மாட்டேன்.”

விஷயம் எப்படியோ கசிந்து, சங்கத் தலைவர் வீடு தேடி வந்துவிட்டார். வாசனைத் தைலம், தங்க விளிம்புக் கண்ணாடி, கை நிறைய அனுதாபம். கூடத்தில் உட்கார்ந்து தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுப் பேச்சை எடுத்தார்.

“நமக்குள்ள இருக்கட்டும் பெரியக்கா. எல்லா வீட்லயும் ஒண்ணு ரெண்டு இப்படி இருக்கறதுதான். அந்த நாய்க்கு ஒரு ஊசியைப் போட்டு, காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுடுங்க. டெஸ்ட் தாளையும் கிழிச்சுடுங்க.”

அவசரம் அப்போது அவருடைய செருப்பு ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து பெரியக்காவின் காலடியில் போட்டான்.

“இந்த நாய்க்கா?” என்றாள்.

“குறையுள்ளதுதானே.”

“ஒன்பதாவது நிமிஷத்துல குறை. மீதி நாள் பூரா நல்லா இருக்கான். நடக்கலாம், விளையாடலாம், அளவோட இருந்தா ஆயுசுக்கும் பழுதில்லன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. குறையிருந்தா ஊசின்னு ஆரம்பிச்சா, நம்ம ரெண்டு பேர்ல யார் தலைவரே மிஞ்சுவா? எனக்கு முட்டி, உங்களுக்குக் கண்ணு.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெளிய தெரிஞ்சா துரையோட பேரும் சேர்ந்து அடிபடும். சங்கம் சும்மா இருக்காது. உங்க வீட்டையே பதிவேட்டிலேர்ந்து நீக்க வேண்டி வரும். அப்புறம் உங்க குட்டிக்குச் சான்றிதழ் கிடையாது. மூணு தலைமுறைப் பேரு, ஒரு வரியில போயிடும்.”

“எங்க வீட்டுப் பேரு எங்க வாயிலதான் இருக்கு, உங்க பதிவேட்ல இல்ல. செருப்பை எடுத்துக்கங்க. கொஞ்சம் ஈரமா இருக்கும்.”

அவர் போனதும் அவள் பழைய விற்பனை நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பத்து வருஷத்தில் குட்டி வாங்கிப் போனவை நாற்பத்தொரு வீடுகள். முதல் எண்ணை அழுத்தினாள்.

“நாய் குடுத்த வீட்டிலேர்ந்து மூத்தவ பேசறேன். உங்க நாய்க்கு எங்க வீட்டு ரத்தத்திலேர்ந்து ஒரு குறை வந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்க. அதுவரைக்கும் ரொம்ப நேரம் ஓட விடாதீங்க. இதைச் சொல்ல வேண்டியது எங்க கடமை, சொல்லிட்டேன்.”

இதே வாசகம், இதே குரல், வீடு வீடாக. சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் “பணம் பிடுங்கற கும்பல்” என்றார். ஒரு வழக்கறிஞர் ‘வழக்குப் போடுவேன்’ என்றார்; “போடுங்க, விலாசம் தாள்லயே இருக்கு” என்றாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, பேசி முடித்த பேர்களுக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே வந்தான். பாதி நோட்டு முடிவதற்குள் அவன் முகம் செத்துப்போயிருந்தது. அவள் முதுகு அப்படியே இருந்தது.

இருபத்தாறாவது வீடு ஒரு தையல்காரருடையது. மகராசிக்கும் துரைக்கும் பிறந்த முந்தைய ஈற்றுக் குட்டி.

“அவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க” என்றார் தையல்காரர். “வெயில்ல பந்து விளையாடிட்டிருந்தான். திடீர்னு விழுந்தான். எழுந்திரிக்கவே இல்ல.”

“பின்னங்கால் முதல்ல போச்சா?”

“ஆமா. காலை இழுத்துக்கிட்டே பந்துகிட்டப் போனான். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பந்தை வீசினது யாரு?”

“என் பொண்ணு. அன்னையிலேர்ந்து அவ பந்தைத் தொடறதில்ல. நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டோம். நான்தான் கொன்னுட்டேன்னு...”

“அவளைக் கூப்பிடுங்க.”

“அவ பேச மாட்டாம்மா.”

“பேச வேண்டாம். கேட்டாப் போதும். கூப்பிடுங்க.”

காலடி ஓசை கேட்டது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

“இங்க பாரும்மா, நான் நாய் குடுத்த வீட்டு மூத்தவ. பந்து வீசறது விளையாட்டு. அதுக்கு ஒரு நாய் சாகக் கூடாது. அவன் செத்தது எங்க வீட்டு ரத்தத்துல இருந்த கோளாறால. நாங்க அதைப் பார்க்காம விட்டோம். தப்பு எங்க வீட்டுது. உன் கையோடது இல்ல. கேட்டுச்சா?”

மூச்சு உடைந்தது.

“கேட்டுச்சுன்னு சொல்லு.”

“கேட்டுச்சு” என்றது மிகச் சின்னக் குரல்.

பெரியக்கா அடுத்த எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தினாள். தம்பி தொலைபேசியை வாங்கிக்கொண்டான். “நீ தண்ணி குடிக்கா. மீதிய நான் பேசறேன்” என்றான். பேசினான். அவள் சொன்ன அதே வாசகத்தை, ஒரு வார்த்தை குறைக்காமல்.

சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பரம்பரைக் குறையுள்ள குட்டிகளை விற்றதற்காக அந்த வீட்டைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் தீர்மானம். மின்விசிறி கடகடக்கும் மண்டபம், முப்பத்துநாலு நாற்காலிகள், எல்லாம் தெரிந்த முகங்கள். பெரியக்கா முதல் வரிசையில் உட்கார்ந்தாள், காலடியில் அவசரம்.

தலைவர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, “பெரியக்கா மன்னிப்புக் கேட்டா, தண்டனையைக் குறைக்கலாம்” என்றார், ரொம்பப் பெரிய மனசோடு.

அவள் எழுந்தாள். “மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்துல கேட்டாச்சு. நாப்பத்தொரு வீடு. உங்ககிட்ட கேட்க எனக்கு ஒண்ணுமில்ல. ஓட்டெடுங்க.”

“நீக்கணும்னு சொல்றவங்க கை தூக்கலாம்.”

கைகள் எழுந்தன. இருபதுக்குக் குறையாது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

“தூக்கின கை அப்படியே இருக்கட்டும்” என்றாள் பெரியக்கா. “ஒரு சந்தேகம். உங்க நாய்ச் சான்றிதழ்ல அம்மா, அம்மாவோட அம்மான்னு பேர் வரிசை இருக்குமே. அதுல எங்க வீட்டுப் பேர் இல்லாத தாளு எத்தனை பேர்கிட்ட இருக்கு? எங்களை அடிச்சுட்டா, அந்த இடமெல்லாம் வெள்ளையா நிக்கும். உங்க நாய்ங்களுக்குத் தாய்வீடு எதுன்னு எழுதுவீங்க? அநாதைன்னா?”

அவள் தலைவர் பக்கம் திரும்பினாள்.

“தலைவரே, துரையோட அம்மாவைப் பெத்தவ எங்க வீட்ல பிறந்தவ. உங்க வீட்டுக் கூடத்துல சட்டம் போட்டு மாட்டியிருக்கற தாள்லயே இருக்கு.”

“கூட்டத்தை ஒத்திவைக்கறேன்” என்றார் தலைவர்.

“தீர்மானம் என் பேர்ல. ஒத்திவைக்க நான் ஒத்துக்கல. எண்ணுங்க.”

ஒவ்வொரு கையாக இறங்கியது. ஒருவர் தலையைச் சொறிந்தார். ஒருவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். தலைவருடைய கை பாதி தூரம் ஏறி, கண்ணாடியைத் தொட்டுவிட்டு இறங்கியது. கடைசியில் பொருளாளர் கை ஒன்றுதான் மிச்சம். அவர் வீட்டு நாய் போனபிறகு பூனைக்கு மாறியவர். பதவியை மட்டும் விடாதவர்.

“இப்ப என் தீர்மானம்” என்றாள் பெரியக்கா, உட்காராமலே. “இனிமே ரத்தப் பரிசோதனை இல்லாம எந்தக் குட்டிக்கும் சான்றிதழ் கிடையாது. குறையை ஒரு பக்கமாச் சுமக்கற நாயை ஒழிக்க வேண்டாம். சுத்தமான நாயோட சேர்த்தா விழற குட்டி பிறக்காது. முடிவை எல்லாரும் பார்க்கற மாதிரி எழுதணும். எங்க வீட்டுது வாசல் கதவுல ஒட்டியாச்சு.”

பின்வரிசையிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் எழுந்தார். மாவு படிந்த கைகளைக் கட்டிக்கொண்டிருந்தவர், ஒன்றை அவிழ்த்துத் தூக்கினார்.

“எங்க வீட்லயும் ஒண்ணு விழுது பெரியக்கா” என்றார். “வெயில்னு சொல்லிட்டிருந்தேன்.”

அவருக்குப் பக்கத்தில் ஒரு கை. இடது மூலையில் இரண்டு. யோசித்து யோசித்து இன்னும் சில. செயலாளர் எண்ணினார்: பதினொன்று. தீர்மானம் தோற்றது என்று தலைவர் அறிவித்தபோது அவர் குரலில் தெம்பு திரும்பியிருந்தது.

“கை தூக்கினவங்க நாளைக்குக் காலைல டாக்டரம்மாகிட்ட வாங்க” என்றாள் பெரியக்கா. “வெறும் வயித்தோட வர வேண்டாம். ரத்தம் நாய்க்குத்தான் எடுக்கறது.”

அவசரத்தின் வாரைப் பிடித்துக்கொண்டு நடு வழியாக நடந்து வெளியே வந்தாள். வேனின் கதவைத் திறந்துவிட்ட தம்பி முணுமுணுத்தான்.

“தோத்துட்டோமேக்கா.”

“எண்ணத் தெரியாதாடா உனக்கு? நேத்து வரைக்கும் ஒரு வீடு. இன்னிக்குப் பன்னெண்டு. வண்டியை எடு.”